துண்டுப் பெட்டியும் முப்பத்தெட்டுப் பத்திரிகைகளும்

போன மாதம் நதியா போன் செய்தாள். நான் வேலை பார்த்த கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் கைவேலைப் பிரிவை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். "மரகதக்கா, கடைய வேற எடத்துக்கு மாத்துறாங்க. நீங்க தாள் வெட்டு போட்டு வெச்ச துண்டுப் பெட்டிய தூக்கும்போதே பிரிஞ்சி வந்துடுச்சி. புதுசா ஒண்ணு செய்யணும், எப்படி செஞ்சீங்கன்னு சொல்லுங்க" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த வாட்டி கலர் வாரியா பிரிச்சிடலாம்க்கா, ஈஸியா இருக்கும்" என்றாள்.

"ஒண்ணும் செஞ்சிடாத, நான் எழுதித் தரேன்" என்று போனை வைத்தேன். அதுதான் இது.

நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டுப் போனால், இழுத்ததில் பூட்டு திறந்திருக்குமோ என்று தோன்றும். இப்படிப்பட்டவள் முப்பது வருஷத்துக்கு மேல் மற்றவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். பெயர் மாறினால் போச்சு, நாள் மாறினால் போச்சு, பிள்ளையார் தலைகீழாக ஒட்டினால் தொலைந்தோம். முதல் இரண்டு வருஷம் மடிக்க மட்டும் விட்டார்கள், அப்புறம் ஒட்ட, அப்புறம் எண்ணிக் கட்ட. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

எங்கள் பிரிவுக்கு மேலாள் ஏகாம்பரம் சார். காகிதத்தைக் கையில் கொடுத்தால் முதலில் வெளிச்சத்தில் பிடிப்பார், பிறகு காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டுவார், கடைசியாகத்தான் கண்ணால் பார்ப்பார். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், நீள நூலைப் பாவு என்றும் குறுக்கு நூலை ஊடை என்றும் சொல்லி வளர்ந்தவர். "தாளுக்கும் பாவு ஊடை இருக்குதும்மா. பாவு போற பக்கம் மடிச்சா சொன்ன பேச்சைக் கேக்கும். ஊடைப் பக்கம் மடிச்சா முறைச்சிக்கும்" என்பார். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை ஏறிவிடும். "மரகதம், இங்க வா" என்றால் எல்லாம் நலம். "வாங்க, உக்காருங்க" என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அச்சகத்தில் கல்யாணம், காதுகுத்து மட்டுமல்ல, காரியப் பத்திரிகையும் அடிப்போம். சாவுச் சேதியும் கருமாதி நாளும் போட்டு, சுற்றிக் கறுப்புக் கோடு கட்டிய தாள். அந்த வேலைக்குப் பின்பக்கம் தனி மேஜை, தனிப் பசைக் கிண்ணம், தனி அடிக்கோல். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் அதை மீறின ஆளும் இல்லை. வெட்டும் மெஷின் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

மெஷினில் விழுகிற வெட்டுத் துண்டுகளை முன்பெல்லாம் சாக்கில் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிடுவார்கள். பட்டுத்தாள், வெல்வெட் தாள், பொன் தூவின தாள் என்று கண்ணைப் பறிக்கிற துண்டெல்லாம் சாக்குக்குள் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. ஏகாம்பரம் சாருக்கும் அதே வருத்தம். "ரெண்டு விரல் அகலம் இருந்தா அது குப்பை இல்ல" என்று எடுத்து மேஜையில் வைப்பார். வைத்து வைத்து மேஜையே காணாமல் போனபோதுதான் நான் பெட்டி செய்யக் கிளம்பினேன்.

நதியா, செய்முறையைக் கவனமாகக் கேட்டுக்கொள். புடவைக் கடையில் மூலை நசுங்கிய அட்டைப் பெட்டிகளைக் கேட்டால் கொடுப்பார்கள். ஒரே அளவில் பன்னிரண்டு வேண்டும். மூடிகளை எடுத்துவிட்டு, வாய் நம்மைப் பார்க்கிற மாதிரி படுக்கவைத்து, வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை அடுக்கினால் அலமாரி மாதிரி நிற்கும். பெட்டியும் பெட்டியும் தொடுகிற இடமெல்லாம் மைதாப் பசை. பசை கொதிக்கும்போது மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட மறக்காதே. போடாவிட்டால் பூச்சி வந்து பெட்டியைத் தின்றுவிடும், எனக்கு ஒரு தடவை ஏறக்குறைய அப்படி ஆயிற்று. பசை ஈரம் காய ஒரு முழு நாள் மேலே பாரம் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் வரிசை கோணும்.

முன்பக்கம் துண்டுகள் சரிந்து விழாமலிருக்க ஒவ்வொரு அறைக்கும் பாதி உயரத்துக்கு ஒரு தடுப்பு வேண்டும். அதற்கு நான் தறியில் ஓடித் தேய்ந்த ஜக்கார்டு அட்டையைப் போட்டேன். டிசைனுக்காகக் குத்திய ஓட்டை வரிசை அதில் இருக்கும். அந்த ஓட்டை வழியே உள்ளே என்ன நிறம் கிடக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே தெரியும். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

அலங்காரம் கடைசியில். அரக்குத் தாள் கிடக்கிற அறையின் நெற்றியில் அதே அரக்குத் தாளில் மாங்காய் வெட்டி ஒட்டினேன். பச்சைக்குக் கிளி, நீலத்துக்கு மயில், மஞ்சளுக்கு அன்னம், சந்தன நிறத்துக்குத் தாமரை. நான்கு ஓரமும் கோபுரக் கரை மாதிரி முக்கோணம் முக்கோணமாகச் சுற்றி ஓடும். பெட்டியைப் பார்க்க முதலாளியே வீட்டு ஆட்களை அழைத்து வந்தார். ஏகாம்பரம் சார் சந்தன அறைத் தாமரையைத் தடவிப் பார்த்து, "இதழ்லாம் பாவு பக்கமே வெட்டியிருக்கிற. பரவால்ல" என்றார். அவர் வாயில் பரவாயில்லை என்றால் பிரமாதம் என்று அர்த்தம்.

நிறம் பார்த்துப் பிரித்தேன், பார். அங்கேதான் தப்பு.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து கோமளா என்ற அம்மா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்திருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர், நெசவுக் குடும்பம். வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம். மாப்பிள்ளை வீட்டுக்கும் சேர்த்து ஐந்நூறு. மேல் அட்டையில் பொன் பிள்ளையார், பிள்ளையாருக்கு அடியில் சந்தன நிறப் பட்டுத்தாளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். மாதிரி பார்க்க வந்தபோதே அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "போன வருஷம் ஒரு எடம் பூ வைக்கிற வரைக்கும் வந்துச்சிம்மா. வர்ற வழியில ஏதோ குறுக்க போச்சாம், நின்னு போச்சி. இந்த சம்பந்தியும் எதுக்கெடுத்தாலும் சகுனம் பாக்கிறவங்க. பிழை இல்லாம செஞ்சி குடுங்க. அப்பன் இல்லாத பொண்ணு."

வேலை முடிகிற நேரம் வட்டத்துக்குத் தாள் போதவில்லை. முப்பத்தெட்டு குறைந்தது. புதுத் தாள் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். நான் நிமிர்ந்து நடந்து போய் என் பெட்டியின் சந்தன அறையைத் துழாவினேன். நல்ல பட்டுத்தாள் துண்டு ஒரு கற்றை கிடந்தது, நிறம் அச்சு அசல். அவசரத்தில் பாவு பார்க்கவில்லை, வட்டம் எல்லாம் குறுக்கே விழுந்தது. முப்பத்தெட்டையும் வெட்டி ஒட்டி, வெள்ளிக்கிழமையே ஐந்நூறும் கட்டி அனுப்பிவிட்டோம். பெட்டி கைகொடுத்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்த மாதம் என்பதால் அன்றும் வேலை இருந்தது. காலையில் சந்தன அறையைத் தட்டி அடுக்கும்போது அடியில் மடங்கிக் கிடந்த ஒரு துண்டை விரித்தேன். ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கறுப்புக் கோடு.

அந்தத் துண்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு வெட்டும் மெஷின் தாஸிடம் போனேன். "ஏம்பா, நம்ம பெட்டியில இருக்கிற சந்தனக் கலரு எதுல வுழுந்த வெட்டு?" என்றேன், ஏதோ சும்மா கேட்பது போல.

"போன மாசம் அடிச்சமே, தாமல் ஊர்ப் பெரியவரு காரியப் பத்திரிகை. வெள்ளைத் தாளு வேணாம், பட்டுத்தாள்லதான் போடணும்னு அவரு பையன் ஒத்தக் கால்ல நின்னாரே. மறந்துட்டியாக்கா?"

காரியத் தாள் என்றால் வெள்ளை என்றே என் மண்டையில் பதிந்திருந்தது. அதனால் சந்தனத்தைச் சந்தனத்தோடு சேர்த்துவிட்டேன். தனி மேஜை, தனிக் கிண்ணம் எல்லாம் பார்த்த அச்சகத்தில், இரண்டையும் ஒரே அறையில் போட்டுத் தாமரையும் ஒட்டி வைத்தவள் நான்தான்.

உண்மையைச் சொல்கிறேன். அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். யாருக்குத் தெரியப் போகிறது? பிறகு தாஸுக்குத் தெரியுமே என்று நினைத்தேன். அவன் டீக்கடையில் வாய் தவறி உளறினால்? மாப்பிள்ளை வீட்டுக்குக் காற்றுவாக்கில் போய்ச் சேர்ந்தால்? அந்தப் பெண்ணின் கல்யாணம் இன்னொரு தடவை நின்றால்? அதைவிட மோசம், யாருக்கும் தெரியாமல் கல்யாணம் நடந்து, நாளை அந்தப் பெண்ணுக்கு ஒரு தலைவலி வந்தாலும் அது என் வட்டத்தால்தான் என்று நான் சாகிற வரைக்கும் நினைத்துக்கொண்டு கிடப்பேன். என்னை எனக்குத் தெரியாதா?

ஏகாம்பரம் சாரிடம் துண்டை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்தார், காதோரம் ஆட்டினார், கோட்டைப் பார்த்தார்.

"உக்காருங்க" என்றார்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. "முப்பத்தெட்டு சார், குறுக்க வெட்டி ஒட்டிட்டேன். வேணும்னு செய்யல சார். போய் வாங்கிக்கினு வந்துடலாமா சார்?"

"மஞ்சள் வெச்சிருந்தாங்கன்னா வாங்க முடியாதுங்க. மஞ்சள் வெச்சா அது அழைப்பு. அழைப்பைத் திருப்பி எடுத்துக்கினு போறது இன்னும் அபசகுனம்." துண்டை மேஜையில் வைத்தார். "பத்திரிகை அங்கயே இருக்கட்டும். வட்டத்தை மட்டும் மாத்தணும். நேத்து வந்த தாள்ல நாப்பது வட்டம் வெட்டுங்க, பாவு பாத்து."

கோமளா வீட்டுக்குப் போன் போட்டார். சில பத்திரிகையில் பசை சரியாகப் பிடிக்கவில்லை, பிள்ளையார் விழுந்துவிடும், வந்து சரிசெய்து தருகிறோம் என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒரு தடவைதான். போனை வைத்துவிட்டு, "சம்பந்தி வீட்டுக்காரங்க அவங்க பங்கை வாங்க நாலு மணிக்கு வர்றாங்களாம். நாலரைக்கு ராகுகாலம், அதுக்கு முன்ன எடுத்துக்கினு கெளம்பிடுவாங்க" என்றார். மணி அப்போது பன்னிரண்டு.

புது வட்டம், புதுப் பிள்ளையார், பசை, பஞ்சு, மழுங்கின கத்தி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனோம். வண்டி ஒவ்வொரு இடத்திலும் ஆள் ஏற்ற நிற்கும்போது எனக்கு டிரைவரை அடிக்கலாம் போல இருந்தது.

முன்கூடத்தில் தறி. அதைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்தில் பாய் விரித்துப் பத்திரிகைக் கட்டுகள். கோமளாவின் ஓரகத்தி பவானி மஞ்சள் கிண்ணத்தோடு உட்கார்ந்து நாலு மூலைக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். பாதிக் கட்டு முடிந்திருந்தது. கோமளா பாயை விட்டுத் தள்ளி, சுவரோரமாக உட்கார்ந்து, சொந்தக்காரர்கள் பெயரை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"பாத்து ஒட்டி அனுப்பக்கூடாதாம்மா?" என்றார் பவானி எடுத்த எடுப்பில். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஐந்நூறில் எந்த முப்பத்தெட்டு? கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். ஏகாம்பரம் சார் ஒன்றைக் கையில் எடுத்து வட்டத்தின் ஓரத்தைச் சுண்டுவிரலால் தடவினார். "குறுக்க வெட்டினதுன்னு சொன்னீங்க இல்ல? பசை காஞ்சா ஊடைப் பக்கம் ஓரம் தூக்கிக்கும். நகம் அளவு. விரலுக்குத் தெரியும்" என்றார். அப்படியே தடவித் தடவிப் பிரித்தோம். கிடைத்ததை நான் வாங்கி, ஈரப் பஞ்சை வட்டத்தின் மேல் வைத்து, இருபது எண்ணி, கத்தியைக் கொடுத்து மெல்ல நெம்பி எடுத்தேன். ஈரம் அதிகமானால் அட்டை உப்பிவிடும். குறைந்தால் அட்டையின் தோலும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். மூலையில் இருக்கிற மஞ்சளில் கை படக்கூடாது. புது வட்டம், புதுப் பிள்ளையார், உள்ளங்கையால் ஒரு அழுத்து, அடுத்தது. உரித்ததை டிபன் பாக்ஸில் போட்டு மூடினேன். அதில் பிள்ளையாரும் இருக்கிறார், குப்பையிலும் போட முடியாது. அந்த டப்பாவைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு மணிக்கு இருபத்தொன்று. இரண்டரைக்கு முப்பது. மூன்றேகாலுக்கு முப்பத்தேழு. அதோடு நின்றுவிட்டது. ஐந்நூறையும் மறுபடி எண்ணினோம். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

"யாருக்காவது குடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கல. நாளைக்குக் கோயில்ல வெச்சிட்டுதான் குடுக்கணும்" என்றார் பவானி. "ஒண்ணுதானே, போவட்டும். பசை வுட்டா நாங்க ஒட்டிக்க மாட்டமா? அதுக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது ஒனக்கு?"

நான் கட்டுகளுக்கு நடுவில், பாய்க்கு அடியில், தறிக்குக் கீழே எல்லாம் தேடினேன். ஏகாம்பரம் சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது தடவையாகத் தடவ ஆரம்பித்தார். அப்போதுதான் கோமளா எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். "நீ உள்ள வாம்மா, தண்ணி குடி" என்று கூட்டிக்கொண்டு போனார்.

உள் அறையில் தண்ணீர் கொடுக்கவில்லை. கதவை ஒருக்களித்துச் சாத்தினார். சுவரில் அவர் வீட்டுக்காரர் படம், சரம் போட்டிருந்தது. படத்துக்கு முன்னால் இருந்த பலகையில் ஒரு பத்திரிகை சாய்ந்து நின்றது. மூலையில் மஞ்சள் இல்லை.

"இதைத்தானே தேடுற?" என்றார். "வெள்ளிக்கிழமை கட்டைப் பிரிச்சதும் மொதல்ல எடுத்தேன். பிள்ளையாருக்குக் கீழ லேசா தூக்கிக்கினு இருந்துது. நல்லா இருக்கிறது ஊருக்குப் போவட்டும், வீட்டுக்கு இது போதும்னு இவருக்கு வெச்சேன். இப்ப சொல்லு. பசைக்காக யாரும் இப்படி நடுங்க மாட்டாங்க."

சொல்லிவிட்டேன். தாமல் பெரியவர், பட்டுத்தாள், கறுப்புக் கோடு, என் பெட்டி, எல்லாம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, படத்திலிருந்த ஆளையும் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

வாசலில் ஏதோ வண்டி நிற்கிற சத்தம் கேட்டு எனக்கு உயிரே போயிற்று.

"எத்தினி வயசு அந்தப் பெரியவருக்கு?"

"எண்பது தாண்டினவரு அக்கா. பேரன் பேத்தி எடுத்தவரு."

"ம்."

"குடுங்கக்கா, ஒரே நிமிஷம், மாத்திடுறேன்" என்று கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இதை மாத்தாத" என்றார். "என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் ஒரு பத்திரிகைக்கு மஞ்சள் வெக்க முடியாது. ஒரு வீட்டு வாசப்படி ஏறி வெத்தல பாக்கு வெச்சிக் கூப்பிட முடியாது. எல்லாம் பவானிதான். நான் என் கையால வெச்ச ஒரே பத்திரிகை இதுதான், அவருக்கு. அவரு எந்தத் தாளுன்னு பாத்துக்கினு இருக்கப் போறாரா? இதைக் கிழிச்சி ஒட்டாத."

கும்பிட்டேன் என்று நினைக்கிறேன்.

வெளியே மாப்பிள்ளையின் பெரியப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பவானி பதறிப்போய், "ஒண்ணு கொறையுதாம்க்கா, என்ன பண்ணலாம்?" என்றார். கோமளா நின்ற இடத்திலிருந்தே, "உள்ளதான் இருந்துது. இந்தப் பொண்ணு சரி பண்ணிடுச்சி" என்றார். ஏகாம்பரம் சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையாட்டினேன். பத்திரிகைக் கட்டு நாலு இருபதுக்கு வாசலைத் தாண்டிப் போயிற்று.

மறுநாள் பெட்டியைக் காலி செய்தேன். முதலில் தாமரையை உரித்தேன். அதற்குப் பிறகு ஒரு அறை ஒரு நிறத்துக்கு அல்ல, ஒரு வீட்டு வேலைக்கு. நெற்றியில் அந்தப் பத்திரிகையிலிருந்தே ஒரு சின்னத் துண்டு, அதன் பின்னால் வீட்டுப் பெயர். காரியத் தாள் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் பெட்டிப் பக்கமே வரக்கூடாது, பின்மேஜைக்கு அடியில் மூடி போட்ட டின்னில் இருக்கட்டும். நதியா, நீயும் அப்படியே செய். நிறம் எத்தனை அழகாகச் சேர்ந்தாலும் சேர்க்காதே.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அதற்கு முந்தின ஒரு வாரம் நான் எந்தச் செய்தி வந்தாலும் கல்யாணம் நின்ற செய்தியாக இருக்குமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். அன்றைக்குக் கெட்டிமேளம் கொட்டும்போது எல்லோரும் அட்சதையோடு முன்னால் ஓடினார்கள். கோமளா மணவறைப் பக்கமே வரவில்லை. பந்திக்கூட வாசலில், தூணோரமாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"பயம் போச்சா?" என்றார், மணவறையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லக்கா."

"எனக்குந்தான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.